கன்னிமூலையில் ஒரு குளியலறை

நெய்யாற்றின்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு கேட்டின் முன்னால் நின்று, ஃபோனை உள்ளங்கையில் தட்டையாக வைத்துக்கொண்டு, என் தம்பி ஸ்ரீகுமார் மெதுவாக ஒரு வட்டம் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்ப்பக்கத்துச் சாயாக்கடையில் நின்றவர்கள் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவனையே பார்த்தார்கள்.

"வடக்கு இஞ்ச. அப்பம் கன்னிமூல அங்க," என்று கேட்டின் கம்பிக்குள் விரலை விட்டுக் காட்டினான்.

காரின் பின்சீட்டிலிருந்து ஸ்டெல்லா தலையை நீட்டினாள். "எட்டி வசந்தா, கள்ளன்னு ஆராவது பிடிச்சுக் குடுக்கியதுக்கு முந்தி உனக்க தம்பிய வண்டில ஏத்து."

ஃபோனுக்குள் திசைகாட்டி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவன் அதை வைத்து வீட்டைப் பார்த்தான். நான் வெறும் கண்ணால் பார்த்தேன்.

அந்த டாக்டர் வீட்டை நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலிருந்து அறிவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிப்பதே அதைப் பார்ப்பதற்காகத்தான். வெள்ளை வீடு. மாடி பால்கனி மூலையில் வளைந்து திரும்பும், கீழே தாங்க ஒரு தூணும் இருக்காது. மாடிப்படிச் சுவரில் வட்டவட்டமாகத் துவாரம் விட்டுப் பச்சைக் கண்ணாடி பதித்திருப்பார்கள். இப்போது அந்த மொட்டைமாடியில் இரும்புக் கால்கள் நட்டு நீலத் தகரக் கூரை போட்டாகிவிட்டது. பால்கனியை அலுமினியச் சட்டம் வைத்து அடைத்தாகிவிட்டது. ஓடியாடித் திரிந்த ஒருத்தரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்ப்பதுபோல் இருந்தது.

"ஒண்ணு போச்சு," என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீகுமார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சந்தோஷத்தை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்

ஸ்டெல்லாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரே ஆபீசில் நான் கட்டட வரைபடம் வரைந்தேன், அவள் டைப் அடித்தாள். பொழியூர்க் கடற்கரைக்காரி. அப்பனும் அண்ணன்மாரும் கடலில் போனவர்கள் என்பதால் காற்று, மழை விஷயத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு பழைய சின்னக் கார் வாங்கி ஓட்டப் படித்தேன். இந்த வயதில் பெண்ணுக்கு எதற்கு ஸ்டியரிங் என்று கேட்டவர்கள் எல்லாரும் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் யாருக்கும் ஓட்டமாட்டேன். ஸ்டெல்லா முதல் பூசை பார்த்துவிட்டு வந்துவிடுவாள். இருவருமாகப் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் வீடு பார்க்கப் போவோம்.

வாங்குவதற்கு அல்ல. சும்மா பார்ப்பதற்கு.

அதிலும் எல்லா வீட்டையும் பார்க்க மாட்டோம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய வார்ப்பு வீடுகள் மட்டும். கான்கிரீட் கூரையை எங்கள் பக்கம் வார்ப்பு என்போம். தட்டைக் கூரை, நேர்க்கோடாக ஓடும் சுவர், சுவரைத் தாண்டி நீண்டு நிற்கும் மெல்லிய சன்ஷேடு, சிமென்டில் துளைபோட்ட ஜாலி, மொசைக் தரை. தூணில் பூவேலை கிடையாது. கதவில் யானைமுகம் கிடையாது. மகாராஜா காலம் முடிந்து, மாதச் சம்பளக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடுகள் அவை. அரண்மனையைக் காப்பியடிக்க அவர்களுக்கு ஆசை இல்லை. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

இன்று நடப்பது தலைகீழ். ஓட்டு வீட்டில் பிறந்தவர்கள் வார்ப்பு வீட்டுக்கு ஏங்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் வார்ப்பையே சரிவாகப் போட்டு, அதன்மேல் சிமென்ட் வைத்து ஓடு ஒட்டுகிறார்கள். மழைக்கு அந்த ஓடு தேவையே இல்லை, பார்வைக்குத்தான். என் தம்பி துபாயிலிருந்து திரும்பி எங்கள் பக்கத்து மனையில் கட்டிய வீடு அந்த ரகம். வாசலில் நாலு பெரிய தூண் உண்டு. அவை எதையும் தாங்கவில்லை.

அணைக்கட்டிலிருந்து வந்த வீடு

நான் இருப்பது அப்பா கட்டிய வீட்டில். பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது.

கள்ளிக்காட்டுக்கு அந்தப் பக்கம் நெய்யாற்றில் அணை கட்டிய காலத்தில் அப்பா அங்கே ஓவர்சியர். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். காக்கி நிக்கரைத் தண்ணீரில் முக்கினால் வாளி சாம்பல் நிறமாகும். அணை எழுந்து முடிந்தபோது அவர் கான்கிரீட்டில் மயங்கியே போயிருந்தார். "ஆத்தையே பிடிச்சு நிறுத்துத சாதனம், மழைய நிறுத்தாதா?" என்று சொல்லித்தான் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்தாராம்.

நிறுத்தவில்லை. கூரை ஒழுகும். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஐப்பசியில் துலாமழை தொடங்கினால் ஹால் நடுவில் ஒரு வாளி வைப்பேன். ஆனால் வீட்டின் மற்ற எல்லா விஷயத்திலும் அப்பா கணக்குச் சரி.

பிளான் அவரே போட்டது. குளியலறையைத் தென்மேற்கு மூலையில் வைத்தார். அதுதான் கன்னிமூலை. வாஸ்துப்படி வீட்டிலேயே உயர்ந்த இடம், அங்கே கக்கூஸோ குளியலறையோ வரவே கூடாது. எங்கள் நாட்டில் சாமி கும்பிடாதவன்கூடக் கன்னிமூலைக்குப் பயப்படுவான். கதவு வேலைக்கு வந்த ஆசாரி பிளானைப் பார்த்துவிட்டு உளியைப் பைக்குள் திரும்பப் போட்டார். அந்த ஒரு கதவை அப்பாவே மாட்டினார்.

"உச்ச கழிஞ்சா மேக்கு வெயிலு முழுக்க அந்த மூலையிலயாக்கும் விழும்," என்று வருகிறவர்களிடம் எல்லாம் விளக்குவார். "கட்டில போட்டா மனுசன் வெந்துபோவான். குளிக்கிய இடத்த வச்சா தரை உணங்கும்." எந்த மழைக்காலத்திலும் எங்கள் குளியலறைத் தரையில் பாசி பிடித்து நான் பார்த்ததில்லை.

பந்தயம்

ஸ்ரீகுமாரின் மகள் அஞ்சு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். காட்டாக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன். அஞ்சுவுக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பெண்ணின் குடும்ப வீட்டில் கன்னிமூலையில் பாத்ரூம் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். குடும்ப வீடு என்றால் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாஸ்து பார்க்கிறவரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

முந்தின நாள் ஸ்ரீகுமார் என்னிடம் வந்து உட்கார்ந்தான். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. கொத்தனாரைத் திங்கட்கிழமைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"யக்கா, ஒரே ஒரு கதவாக்கும். அத அடச்சா பிள்ளைக்க காரியம் நடக்கும்."

"நான் எங்க குளிக்கியது?"

"வெளிய, வடமேக்குல புதுசா கெட்டித் தாறேன். சுடுவெள்ளம் வாற மிஷினும் வச்சு."

"எலே, எனக்க முட்டி இருக்கிய கோலத்துல நான் மழையில இறங்கிப் போவணுமா? இந்த மாதிரி வீடு திருவந்தரம் வரைக்கும் எத்தனையோ உண்டு. அவங்க எல்லாம் கதவ அடச்சிட்டா இருக்காங்க?"

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. "காட்டு. ஒண்ணே ஒண்ணு காட்டு. கன்னிமூலைல பாத்ரூம் வச்ச வார்ப்பு வீடு, ஒண்ணையும் மாத்தாத வீடு. காட்டினா கொத்தனார வரண்டாம்னு நான் சொல்லுதேன். இல்லேன்னா நீ வாயத் தொறக்கப்பிடாது."

யோசிக்கவே இல்லை, சரி என்றேன். எனக்கு என் வீடுகள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காரில் முதன்முதலாக ஒரு ஆண்பிள்ளை ஏறினான்.

நகரத்துக்குள்

டாக்டர் வீடு போனதைச் சொன்னேன். அடுத்து, பாலராமபுரம் தாண்டி ஒரு பழைய சினிமாக் கொட்டகை. பந்தயத்துக்கு அது உதவாது, வழியில் இருக்கிறதே என்று காட்டினேன். முகப்பு முழுக்கச் செங்குத்தாக நிற்கும் மெல்லிய கான்கிரீட் பலகைகள், வெயில் நகர நகர அவற்றின் நிழலும் நகரும். இப்போது கல்யாண மண்டபம். பலகைகளுக்கு முன்னால் பிளாஸ்டர் யானைகள் இரண்டு துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"கொள்ளாமே," என்று ரசித்தான் ஸ்ரீகுமார்.

"உனக்குக் கொள்ளாம்," என்றாள் ஸ்டெல்லா.

நான் கியரை மாற்றினேன். என் கையில் துருப்புச் சீட்டு ஒன்று இருந்தது.

திருவனந்தபுரத்தில் ஏறி இறங்கும் சந்துகளில் ஒன்றில் தங்கம் டீச்சரின் வீடு. டீச்சருக்கு எண்பது வயது இருக்கும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், மகன்கள் இருவரும் வெளிநாட்டில். நாங்கள் ரோட்டில் நின்று வாயைப் பிளந்துகொண்டு வீட்டைப் பார்த்த ஒரு நாளில், உள்ளே கூப்பிட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தவர். அன்றைக்கு நாங்கள் முன்ஹாலைத் தாண்டவில்லை.

அந்த வீட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வரைபலகை முன்னால் போய் உட்காரத் தோன்றும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் மனை. வீடும் மேட்டோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும். வாசலுக்குமேல் மெல்லிய ஒரு சிலாப், அதைச் சாய்ந்து நிற்கிற இரண்டு இரும்புக் குழாய்கள் தாங்கும். ஒரு ஆணி கூட மாறவில்லை. தகரம் இல்லை, ஓடு இல்லை. ஜன்னல் கம்பிக்கு அதே பழைய சாம்பல் பெயின்ட்.

ஸ்ரீகுமார் இறங்கி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மதில் ஓரமாக நடந்தான். தென்மேற்கு மூலையில் நின்றான். மேலே சிறிய ஜன்னல், அதற்குக் கீழே தண்ணீர்க் குழாய். சந்தேகமே இல்லை, குளியலறை.

திரும்பி வந்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "செரி, கொள்ளாம்," என்றான். ஸ்டெல்லா என் இடுப்பில் கிள்ளினாள். நான் அந்த ரோட்டில் ஆடாமல் நின்றதே பெரிய விஷயம்.

ஜெயித்தவள் அப்படியே கிளம்பியிருக்கலாம். எனக்குத்தான் போதவில்லையே. உள்ளேயும் காட்டி இவனை முழுதாக வாயடைக்க வேண்டும் என்று மணியை அடித்தேன்.

டீச்சர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். மலையாளத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். எங்களைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உட்கார வைத்தார். ஜாலி வழியாக விழுந்த வெளிச்சம் மொசைக் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அது மங்கி, மழை பிடித்துக்கொண்டது.

"இதோ வருகிறேன்," என்று டீச்சர் எழுந்தார். சுவர்க் கொக்கியிலிருந்து குடையை எடுத்தார். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் குடை. பின்கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினார். காயப்போட்ட துணியை எடுக்கப் போகிறார் என்று நினைத்து, எடுத்துக் கொடுக்கலாமே என்று நான் பின்னாலேயே போனேன்.

துணி எதுவும் இல்லை. முற்றத்தில் வரிசையாகக் கல் பதித்திருந்தது. டீச்சர் ஒவ்வொரு கல்லிலும் கம்பை ஊன்றிப் பார்த்து, காலை வைத்து, மதிலோரம் புதிதாகக் கட்டியிருந்த ஒரு டைல்ஸ் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. ஸ்டெல்லா சத்தம் காட்டாமல் மழைக்குள் இறங்கிப் போய் அந்தக் கதவுக்கு வெளியே நின்றாள். டீச்சர் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். டீச்சரின் சேலைக் கரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது.

ஏன் வெளியே போகிறீர்கள் என்று ஸ்ரீகுமார்தான் கேட்டான். டீச்சர் சிரித்தார். "இளையவனுக்கு அங்கே வேலை போயிற்று. பெரியவன் ஜோசியரிடம் கேட்டிருக்கிறான். கன்னிமூலையை அடைக்கச் சொன்னார்கள். அடைத்தோம். உடனே அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதனால் இனிமேல் திறக்கவும் முடியாது."

படுக்கை அறையைக் காட்டினார். கதவு இருந்த இடத்தில் சுவர். வெள்ளையடித்தும் ஓரத்தில் கதவின் அளவுக்குக் கோடு தெரிந்தது.

"நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நான் வகுப்பில் மட்டும்தான் சத்தம் போடுவேன்," என்றார். "மழை இல்லாத நாளில் ஒரு சிரமமும் இல்லை."

நான் வந்த கதை

திரும்பும்போதும் மழை விடவில்லை. கரமனை தாண்டிய பிறகு ஸ்ரீகுமார் மெதுவாகத் தொடங்கினான்.

"பாத்தியா யக்கா. அவ்வளவு படிச்ச டீச்சரே அடச்சாச்சு."

"பாத்தேன்."

"அப்பம் பந்தயம் எனக்கு."

"உனக்குத்தான். நான் தோத்தேன். ஆனா கதவ அடைக்க விடமாட்டேன்."

"அது நியாயமா?"

"நியாயம் இல்ல. இல்லேன்னாலும் விடமாட்டேன்."

பின்சீட்டில் ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்வதுபோல் பாசாங்கு செய்தாள்.

என் கல்யாண வாழ்க்கையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நீளமாக எழுத அதில் ஒன்றும் இல்லை. மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், மரியாதையான மனுஷன் என்று பேர். பிடிக்காதது ஏதாவது நடந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். குழம்பில் உப்பு கூடினால் ஒரு வாரம். ஆபீஸ் விட்டு நான் வர நேரமானால் இரண்டு வாரம். நான் வேலையை விடமாட்டேன் என்று சொன்ன வருஷம், மழைக்காலம் முழுவதும் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. மேஜையில் சாப்பாடு இருக்கும், அவர் இருப்பார், நான் இருப்பேன். என் குரல் எனக்கே மறந்துவிடும் என்று பயந்து, அடுக்களையில் தனியாக நின்று வாய்ப்பாடு சொல்வேன்.

ஒரு காலையில் சாயாவை மேஜையில் வைத்துவிட்டு, "நான் போறேன்" என்றேன். பதில் வராது என்று தெரியும். வரைகிற பெட்டியையும் கொஞ்சம் துணியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா வாசலில் நின்றார். பெட்டியைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, "குளிச்சிட்டு வா மக்கா, சோறு திங்கலாம்" என்றார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் குளியலறைச் சுவர் முழுக்க விழுந்திருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு நான் சத்தமாக அழுதேன். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு அதைவிட நல்ல இடம் இருக்கவில்லை.

ஊருக்கு அது புரியவில்லை. குடிக்காத, அடிக்காத ஆண்பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி எதற்கு வருவாள்? எல்லாருமாகத் தேடி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கன்னிமூலையில் பாத்ரூம். பாவம் வசந்தா, வீட்டு தோஷம். அம்மாகூட அதைத்தான் நம்பினாள், அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். என் ஆயுளில் துணிந்து நான் செய்த ஒரே காரியம் அது. அதை என்னிடமிருந்து பிடுங்கி ஒரு கக்கூஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விருந்தாளிகள்

சாயங்காலம் அவர்கள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நெய்யாற்றின்கரைக்கு இந்தப் பக்கம் ரோடு பிளாக். வண்டி வாசலில் நின்றதும் பையனின் அம்மா இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் என் காதோரம் வந்து கேட்டார்.

"சேச்சி, பாத்ரூம் எங்க?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். வேறு வழியும் இல்லை, என் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. ஸ்ரீகுமார் கண்ணால் என்னமோ சைகை காட்டினான், நான் பார்க்கவில்லை.

அவர் வெளியே வந்தபோது முகமே மாறியிருந்தது. "நல்ல வெளிச்சம். இந்த மழையிலயும் தரை உணங்கிக் கிடக்கே. எங்க வீட்டுல எல்லா எடமும் வழுக்கும்," என்று பிளவுஸ் கையில் முகத்தை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குள் அவர்களோடு வந்த வாஸ்துக்காரர் பித்தளைத் திசைகாட்டியோடு வீட்டைச் சுற்றிவிட்டு வந்தார். "இதாக்கும்," என்று, பையனின் அம்மா சற்றுமுன் வெளியே வந்த அதே கதவைக் காட்டினார். "கேட்டது உள்ளதுதான். சுத்தமான கன்னிமூல."

அந்த அம்மாள் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்து அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். அஞ்சு சாயாத் தட்டோடு நின்றாள்.

"நாளைக்குக் காலத்த அடச்சிருவோம். ஆள் ஏற்பாடு செய்தாச்சு," என்றான் ஸ்ரீகுமார் அவசரமாக.

அந்த அம்மாள் நல்லவர்தான். என் கைமேல் கை வைத்து, மெதுவாக, இரக்கத்தோடு கேட்டார். "சேச்சி, கேக்குதேன்னு தப்பா எடுக்கப்பிடாது. நீங்க ஒத்தைக்கு ஆனது இதனாலதான்னு சொல்லுதாங்களே. உள்ளதுதானே?"

அந்த இரக்கத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல," என்றேன். "நான் அவர விட்டுட்டு வந்தேன். அவரு பேசமாட்டாரு. பேச்சில்லாத வீட்டுல எனக்கு இருக்க முடியல்ல. நானே தீருமானிச்சு, நானே பஸ் ஏறி வந்தேன். அதுல இந்த மூலைக்கு ஒரு பங்கும் கெடயாது. இந்தக் கதவ அடச்சா, நான் செஞ்சத நான் செய்யல்லேன்னு ஆக்கியது போலயாக்கும். நான் உள்ளது வரை அடைக்க விடமாட்டேன்."

அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு அஞ்சுவைப் பார்த்தார். "மோளு என்ன சொல்லுது?"

அஞ்சு தட்டைக் கீழே வைத்தாள். "சின்னதுல நான் இந்தப் பாத்ரூம்லதான் குளிச்சு வளந்தேன் ஆன்ட்டி. எனக்கு ஒண்ணும் ஆவல்ல."

சாயாவைக் குடித்தார்கள். மரியாதையாகவே விடைபெற்றுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை, வரவேண்டாம் என்று யாரும் சொல்லாததால், கொத்தனார் செங்கல்லோடு வந்துவிட்டார். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, நிதானமாகக் குளித்தேன். பெண் ஒருத்தி குளித்துக்கொண்டிருக்கும் கதவுக்கு எந்தக் கொத்தனாரும் சுவர் எழுப்ப மாட்டார். வெளியே வந்தபோது ஸ்ரீகுமார் வீட்டில் சாயா குடித்துவிட்டு அவர் போயிருந்தார். செங்கல் இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறது.

என் பேர்

காட்டாக்கடையிலிருந்து வேண்டாம் என்று ஃபோன் வந்தது. அஞ்சு அன்றைக்கு என்னிடம் வந்து அழுதாள். "எனக்கு அவனப் பிடிச்சிருந்துது அத்த," என்றாள். அவள் அழுது முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

ஸ்ரீகுமார் சாயங்காலம் வந்தான். உள்ளே ஏறாமல் படியிலேயே நின்றான்.

"போச்சு. எல்லாம் அந்தப் பாழாப்போன மூலைனால."

"மூலைனால இல்ல."

"பின்ன?"

"என்னாலயாக்கும். நானாக்கும் முடக்கினேன். ஆருகிட்ட பறஞ்சாலும் எனக்க பேரச் சொல்லிப் பற. மூலையச் சொல்லப்பிடாது."

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். "உனக்குக் கிறுக்கு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. பேசாத ஆண்பிள்ளைகள் எனக்குப் புதிதல்ல. இவன் வேறு வீட்டில் இருக்கிறான் என்பது ஒரு சௌகரியம்.

பாறசாலையில் ஒரு கல்யாணம். அஞ்சுவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலையில் போளி விழுந்து, பால்பாயசம் வந்துகொண்டிருந்தபோது எதிர்வரிசையிலிருந்து தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி எழுந்து வந்து என் காதில் குனிந்தாள்.

"வசந்தா, உனக்க தம்பி கண்டவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு நடக்கான். உன்னாலதான் அஞ்சுவுக்க காரியம் முடங்கிச்சாம்."

"வீட்டுல மூல செரியில்ல, அதனாலன்னு சொல்லல்லியா?"

"இல்லியே. உனக்க பேரத்தான் சொன்னான்."

விளம்புகிறவரைக் கூப்பிட்டு, போளியின்மேல் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன்.